கரிப்புகை முதல் ஒளித்தகடு வரை



எங்கள் வீட்டுப் பரணில் ஒரு தகரப் பெட்டி உண்டு. நிலப் பத்திரங்களும், என் தந்தையார் எழுதி வைத்த கணக்கேடுகளும், பழைய கடிதங்களும் அதனுள் இருக்கும். அவற்றோடு, வெள்ளித் தட்டுப்போல் மின்னும் குறுந்தகடு ஒன்றையும் நான் பல ஆண்டுகள் போற்றி வைத்திருந்தேன். என் பாட்டியார் பாடிய நடவுப் பாடல்கள் பதினொன்று அத்தகட்டில் இருந்தன.

1987ஆம் ஆண்டு தை மாதத்தில், அறுவடை முடிந்த ஓர் ஓய்வு நாளில், திண்ணையில் அமர்ந்து அவர் அப்பாடல்களைப் பாடினார். மின்சாரத்தில் ஓடும் நாடாப் பதிவுக் கருவி ஒன்றை நான் இரவல் வாங்கி வந்து, அவற்றைக் கேசட்டில் பதிந்துகொண்டேன். எந்த நூலிலும் அச்சேறாத பாடல்கள் அவை. தம் தாயார் வயலிலே பாடக் கேட்டு அவர் கற்றவை. மறு ஆண்டே பாட்டியார் காலமானார். அவருக்குப் பின் அப்பாடல்களை முழுமையாக அறிந்தவர் எங்கள் ஊரில் ஒருவரும் இலர்.

2004ஆம் ஆண்டில் அந்த நாடா நைந்துவிடுமோ என்ற அச்சம் எனக்கு உண்டாயிற்று. நகரத்துக் கடை ஒன்றில் அதனைக் கொடுத்தேன். “இதைக் குறுந்தகட்டில் எரித்துத் தருகிறேன், ஐயா. நூறு ஆண்டுக்குக் கவலை இல்லை” என்றார் கடைக்காரர். மறுநாள் தகட்டைக் கேட்டபோது பாட்டியாரின் குரல் சற்றே மெலிந்து, கீச்சென்று ஒலிப்பதுபோல் எனக்குத் தோன்றிற்று. ஆயினும் அதனைப் பெரிதாகக் கருதவில்லை. “நாடா இனி எதற்கு?” என்று அவர் கேட்டார். எனக்கும் விடை தெரியவில்லை. அதனை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன்.

2017ஆம் ஆண்டில் என் பேத்தி அப்பாடல்களைக் கேட்க விரும்பினாள். தகட்டைக் கருவியில் இட்டேன். அது சுழன்றது, தயங்கியது, நின்றது. வேறு கருவியில் இட்டேன், அதுவும் அவ்வாறே. தகட்டின்மேல் ஒரு கீறலும் இல்லை. முகம் பார்க்கும் கண்ணாடிபோல் அது பளபளத்தது. ஆனால் அதனுள் இருந்த குரல் மட்டும் போய்விட்டது.

எரித்தல் என்று சொன்னார்களே, எதனை எரித்தார்கள்? எரித்தெழுதிய எழுத்து எவ்வாறு மறைந்தது? இவ்வினாக்களுக்கு விடை தேடிப் புறப்பட்ட நான், நூற்றறுபது ஆண்டுகளுக்கு முன்னர்ப் பாரிஸ் நகரில் கரிப்புகை பூசிய ஒரு தாளின் முன்னே போய் நின்றேன். அந்தத் தாளிலிருந்து இந்தத் தகடு வரையுள்ள வரலாற்றையே இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

பாரிஸ் நகரில் அச்சுத் தொழிலில் ஈடுபட்டிருந்தவர் எதுவார் லியோன் ஸ்காட் என்பவர். மனிதச் செவியின் அமைப்பைப் பற்றிப் படித்த அவருக்கு ஓர் எண்ணம் பிறந்தது. செவிப்பறை அதிர்வதுபோல் ஒரு மெல்லிய தோலை அதிரச் செய்து, அதனோடு ஒரு மயிரைப் பிணைத்துவிட்டால், ஒலி தன்னைத் தானே எழுதிக்கொள்ளும் அல்லவா? 1857ஆம் ஆண்டில் அத்தகைய கருவிக்கு அவர் காப்புரிமை பெற்றார். ஓர் உருளையின்மேல் தாளைச் சுற்றி, அதனை விளக்குப் புகையில் காட்டிக் கரி படியச் செய்வார். புனல் போன்ற வாயினருகே ஒருவர் பாடுவார். உருளை சுழலும்போது, அதிர்கின்ற மயிர் அக்கரியில் நெளிகோடு ஒன்றை இழுத்துச் செல்லும். அதுவே ஒலியின் கையெழுத்து. அக்கோட்டை மீண்டும் ஒலியாக்க வேண்டுமென்ற நோக்கம் ஸ்காட்டுக்கு இருந்ததில்லை. கண்ணால் பார்த்துப் படிக்கவே அவர் அதனை வரைந்தார்.

எழுதிய ஒலியைத் திரும்பப் பேச வைத்தவர் அமெரிக்க நாட்டுத் தாமஸ் ஆல்வா எடிசன். 1877ஆம் ஆண்டில், உருளைமேல் சுற்றிய வெள்ளீயத் தகட்டில் ஊசியால் குரலைப் பதித்து, மற்றோர் ஊசியை அப்பள்ளத்தின் வழியே ஓட்டி, குரலைக் கேட்கச் செய்தார். ஆயினும் அதில் ஒரு குறை இருந்தது. ஓர் உருளையைப் பார்த்து ஆயிரம் உருளைகள் செய்வது அக்காலத்தில் எளிதன்று.

அக்குறையைத் தீர்த்தவர், செருமனியில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய எமில் பெர்லினர். அவர் 1887ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்ற கருவிக்குக் கிராமபோன் என்று பெயர் வைத்தார். உருளையை விடுத்து, தட்டையான வட்டை அவர் மேற்கொண்டார். துத்தநாகத் தகட்டின்மேல் மெழுகுபோன்ற மெல்லிய பூச்சைப் பூசுவார். ஊசி அப்பூச்சைக் கீறிக்கொண்டு செல்லும். பின்னர்த் தகட்டை அமிலத்தில் இட்டால், கீறிய இடத்தை மட்டும் அமிலம் அரித்துப் பள்ளமாக்கும். ஒலித்தட்டு எழுதுவதற்கு அரித்தலும் எரித்தலும் அன்றே தொடங்கிவிட்டன என்று சொல்லலாம். அம்மூலத் தகட்டிலிருந்து எதிர் அச்சு ஒன்றை எடுத்து, அச்சுப் புத்தகம்போல் எத்தனை படிகள் வேண்டுமானாலும் அழுத்தி எடுக்கலாம்.

அப்படிகளுக்கு உரிய பொருளைத் தந்தது நம் நாடு. நம் காடுகளில் மரக்கிளைகளின்மேல் ஒருவகைப் பூச்சிகள் சுரக்கும் அரக்கே, கல்தூளோடும் கரியோடும் கலந்து, உலகெங்கும் இசைத்தட்டாகச் சுழன்றது. நம் நாட்டு இசையும் விரைவில் அதன்மேல் ஏறியது. 1902ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் பிரெட் கைஸ்பர்க் என்னும் ஒலிப்பதிவாளர் கல்கத்தாவுக்கு வந்து, கௌஹர் ஜான் என்னும் புகழ்பெற்ற பாடகியாரின் குரலைப் பதிவு செய்தார். ஒரு தட்டில் ஏறத்தாழ மூன்று நிமிடமே அடங்கும். மணிக்கணக்கில் விரித்துப் பாடும் இராகத்தை அம்மூன்று நிமிடத்துள் சுருக்கிப் பாடி, முடிவில் தம் பெயரையும் ஆங்கிலத்தில் சொல்லி நிறுத்தினார் அவ்வம்மையார். தொலைவிலுள்ள தொழிற்சாலையில் தட்டை அச்சிடுவோர், பாடியவர் யார் என்று அறிந்துகொள்ள அது உதவியது.

நண்பர்களே, இங்கே ஒன்றைக் கவனியுங்கள். ஒலியை ஒரு கலத்தில் அடைக்கும்போது, அக்கலத்தின் அளவுக்கேற்ப ஏதேனும் ஒன்றை விட்டுவிட நேர்கிறது. எதனை விடுவது என்று முடிவு செய்பவர் ஒருவர் வேண்டும். 1902ஆம் ஆண்டில் அம்முடிவைச் செய்தவர், இசையை நன்கறிந்த பாடகியார். பின்னாளில் அம்முடிவு யார் கைக்குச் சென்றது என்பதைச் சிறிது நேரத்தில் காண்போம்.

தட்டுக்குப் பின் காந்த நாடா வந்தது. 1935ஆம் ஆண்டில் பெர்லின் கண்காட்சியில் செருமானியர் நாடாப் பதிவுக் கருவியைக் காட்டினர். 1963ஆம் ஆண்டில் ஆலந்து நாட்டுப் பிலிப்ஸ் நிறுவனம் சிறிய கேசட்டை வெளியிட்டது. அதுவரை ஒலிப்பதிவு பெரும்பாலும் தொழில் வல்லுநரின் உரிமையாக இருந்தது. கேசட்டினால் அது திண்ணைக்கு வந்தது. என் பாட்டியாரின் பாடலை நான் பதிந்ததும் அதனாலேயே.

கரிக்கோடும், அரக்குப் பள்ளமும், காந்த நாடாவும் ஓர் இனத்தைச் சேர்ந்தவை. ஒலியலை எவ்வாறு ஏறி இறங்குகிறதோ அவ்வாறே அவற்றின் தடமும் ஏறி இறங்கும். இதற்கு மாறான வழி ஒன்று உண்டு. ஓர் அணையின் நீர்மட்டத்தை மணிக்கு ஒருமுறை அளந்து ஏட்டில் குறித்து வைப்பதை எண்ணிப் பாருங்கள். அவ்வெண்களை மட்டும் கொண்டு, நீர் ஏறி இறங்கிய விதத்தை நாம் மீண்டும் வரைந்து காட்டலாம். ஒலியையும் அவ்வாறே அளந்து எண்களாக எழுதலாம் என்பதை 1930களின் இறுதியில் அலெக் ரீவ்ஸ் என்னும் ஆங்கிலேயப் பொறியாளர் தொலைபேசிக்காகக் கண்டறிந்தார். எண்ணின் சிறப்பு யாதெனில், தேய்ந்த தாளிலிருந்து படியெடுத்தாலும் ஏழு ஏழாகவே இருக்கும். அலைத்தடமோ, படிக்குப் படி இரைச்சல் மிகுந்து மங்கும்.

பிலிப்ஸ் நிறுவனமும் சப்பான் நாட்டுச் சோனி நிறுவனமும் கூடி அமைத்த குறுந்தகடு 1982ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள் சப்பானில் விற்பனைக்கு வந்தது. அதன் குறுக்களவு 120 மில்லிமீட்டர், கனம் 1.2 மில்லிமீட்டர். அதில் ஒலியை நொடிக்கு 44,100 முறை அளப்பர். மனிதச் செவி கேட்கும் மிக நுண்ணிய ஒலி நொடிக்கு ஏறத்தாழ 20,000 முறை அதிர்வது. அதனைத் தவறாமல் குறிக்க இருமடங்குக்குச் சற்று மேலான அளவைகள் வேண்டும். ஆனால் 44,100 என்ற எண்ணைத் துல்லியமாக ஏன் தேர்ந்தனர்? அதற்குக் காரணம் படக்காட்சி நாடா. அக்காலத்தில் இத்தனை எண்களைத் தாங்கக் கூடியது வீடியோ நாடா ஒன்றே. தொலைக்காட்சிப் படத்தின் கோடு ஒன்றுக்கு மூன்று எண்களாக, நொடிக்கு 60 புலங்களில், புலத்துக்கு 245 கோடுகளில் எழுதினர். மூன்றையும் பெருக்கிப் பாருங்கள், 44,100 வரும். நம் நாட்டு முறைப்படி 50 புலங்களும் 294 கோடுகளும் கொண்டு பெருக்கினாலும் அதே எண் வரும். படத்துக்காகச் செய்த நாடாவின் கணக்கே இசைக்கு அளவுகோலாயிற்று.

அளவை ஒவ்வொன்றையும் 65,536 படிநிலைகளுள் ஒன்றாகக் குறிக்கின்றனர். அதற்குப் பதினாறு இரும எண்கள் வேண்டும். இடம், வலம் என இரு பக்கத்துக்கும் கணக்கிட்டால், ஒரு நொடி இசைக்கு 14,11,200 இரும எண்கள் ஆகும். 74 நிமிடம் ஓடும் தகட்டில் இவை அனைத்தும் உள்ளிருந்து வெளிநோக்கிச் செல்லும் ஒரே சுருள் தடத்தில் அடங்குகின்றன. சுற்றுக்கும் சுற்றுக்கும் இடைவெளி 1.6 மைக்ரான். ஒரு தலைமயிரின் அகலத்துள் நாற்பது சுற்றுகள் அடங்கும். தடத்தை நீட்டிப் பிடித்தால் ஐந்து கிலோமீட்டருக்கு மேல் செல்லும். லேசர் ஒளிக்கதிர் ஒன்று அத்தடத்தின் வழியே ஓடி, ஒளி திரும்பும் வேறுபாட்டைக் கொண்டு எண்களைப் படிக்கிறது.

இத்துணை நுண்ணிய எழுத்தில் ஒரு தூசி விழுந்தால் என்ன ஆகும்? 1960ஆம் ஆண்டில் இர்விங் ரீட், குஸ்தாவ் சாலமன் என்னும் இருவர் வெளியிட்ட கணித முறை இதற்குத் துணை செய்கிறது. எண்களோடு சில காவல் எண்களையும் சேர்த்து எழுதிவிட்டால், சில அழிந்தாலும் எஞ்சியவற்றைக் கொண்டு அழிந்தவற்றைக் கணக்கிட்டு மீட்கலாம். அடுத்தடுத்த எண்களைத் தகட்டில் தள்ளித் தள்ளி எழுதுவதும் உண்டு. ஆதலின் ஒரு கீறல் ஒரே சொல்லை முழுவதுமாக அழிக்காமல், பல சொற்களில் ஒவ்வோர் எழுத்தை மட்டும் அழிக்கும். அவற்றை எளிதில் நிரப்பலாம். இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் அழிந்தாலும் இசை குறைவின்றி ஒலிப்பது இதனாலேதான்.

கடையில் வாங்கும் இசைத் தகடு பெர்லினர் வழிவந்தது. அச்சில் அழுத்திய குழிகள் அதில் உள்ளன. வீட்டில் எழுதும் தகடோ வேறு பிறவி. சப்பானியத் தாயோ யூதென் நிறுவனம் 1988ஆம் ஆண்டில் அதனை உருவாக்கியது. அதில் குழியே இல்லை. பிளாஸ்டிக் தகட்டின்மேல் ஒரு சாயப் படலம். அதன்மேல் ஒளியைத் திருப்பும் உலோகப் படலம். அதன்மேல் மெல்லிய காப்புப் பூச்சு. வெற்றுத் தகட்டின் அடிப்புறம் பச்சையாகவோ நீலமாகவோ தோன்றுவது அச்சாயத்தினால். எழுதும்போது லேசர் ஒளியைப் படிக்கும் அளவினும் பன்மடங்கு மிகுத்துப் பாய்ச்சுவர். ஒளிபட்ட புள்ளியில் சாயம் சூடேறிச் சிதைந்துவிடும். சிதைந்த புள்ளி ஒளியைக் குறைவாகத் திருப்பும். படிக்கும் கருவி அதனைக் குழி என்றே கொள்ளும். எரித்தல் என்று கடைக்காரர் சொன்னது இதுவே. தீயும் இல்லை, புகையும் இல்லை. ஆனால் ஒருமுறை சிதைந்த சாயம் மீளாது. ஆதலின் அச்சொல் பொருந்துவதே.

தொடக்கத்தில் இத்தகடு எழுதும் கருவி பெருநிறுவனங்களுக்கே உரியதாக இருந்தது. 1990களின் இடைப்பகுதியில் அதன் விலை இறங்கி, கணிப்பொறி வைத்திருந்தவர் பலரும் அதனை வாங்கினர். அக்காலத்தில் தகடு எழுதுதல் ஒரு நோன்பு போன்றது. இசை ஓடும் வேகத்திலேயே எழுதினால், 74 நிமிட இசைக்கு 74 நிமிடமும் காத்திருக்க வேண்டும். கணிப்பொறி இடையில் சற்றுத் திணறி எண்களை அனுப்பத் தவறினால் தகடு பாழாகும். கணிப்பொறியைத் தொடாமல் கைகட்டி அமர்ந்திருந்தவர்களை நான் கண்டிருக்கிறேன். 2000ஆம் ஆண்டை ஒட்டி, நின்ற இடத்திலிருந்து தொடர்ந்தெழுதும் கருவிகள் வந்து அத்தொல்லை நீங்கிற்று. எழுதி முடித்ததும் தகட்டின் உட்புறத் தொடக்கத்தில் பொருளடக்கம் ஒன்றை எழுதித் தகட்டை மூட வேண்டும். அதனைச் செய்யாமல் எடுத்துவிட்டால், மற்றக் கருவிகளுக்கு அத்தகடு பொருளடக்கமற்ற நூலாகும். எதுவும் படிக்க இயலாது.

இனி மாற்றம் என்னும் பகுதிக்கு வருவோம். தகட்டில் 74 நிமிடமே அடங்கும் என்றேன். அதனுள் பதினொரு மணி நேர இசையை அடைக்க முடியும் என்று காட்டியது எம்.பி.3 என்னும் முறை. செருமனியின் எர்லாங்கன் நகரில் கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க் முதலிய அறிஞர்கள் பல ஆண்டுகள் உழைத்து உருவாக்கிய அம்முறை 1992ஆம் ஆண்டில் உலகத் தரமாக ஏற்கப்பட்டது. அதன் அடிப்படை நம் செவியின் குறைபாடே. மேளம் ஓங்கி ஒலிக்கும் கணத்தில் அருகிலுள்ள தம்புராவின் மெல்லொலி நமக்குக் கேட்பதில்லை. கேளாத ஒலிக்கு எண்கள் எதற்கு என்று அவற்றைக் குறைத்துவிட்டால், பதினொன்றில் ஒரு பங்கு எண்களே போதும். இம்முறையைச் செம்மை செய்ய அறிஞர் பயன்படுத்தியவற்றுள் ஒன்று, சூசன் வேகா என்னும் அமெரிக்கப் பாடகியார் பக்க இசையின்றித் தனிக்குரலில் பாடிய பாடல். தொடக்கத்தில் அது மிகவும் சிதைந்து ஒலித்தது. கருவிகளின் கூட்டொலியில் மறையும் குறை, தனிக்குரலில் மறைவதில்லை.

படக்காட்சிக்கு இச்சுருக்கம் இன்றியமையாதது. சுருக்காமல் எழுதினால் தொலைக்காட்சித் தரமுள்ள படம் ஒரு குறுந்தகட்டில் அரை நிமிடமே அடங்கும். அதனைச் சுருக்க வழி செய்த கணிதத்தில் நம்மவர்க்குப் பங்குண்டு என்பதில் மாணவர்களாகிய நீங்கள் பெருமை கொள்ளலாம். பெங்களூரில் பிறந்த நாசிர் அகமது, டி. நடராஜன், கே. ஆர். ராவ் ஆகிய மூவர், அமெரிக்காவில் பணியாற்றிய காலத்தில், 1974ஆம் ஆண்டு சனவரியில் ஒரு கட்டுரை வெளியிட்டனர். படத்தைச் சிறு சதுரங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் பரந்த நிழல்களும் நுண்ணிய கோடுகளுமாகப் பகுத்தெழுதும் முறை அது. கண்ணுக்குப் பெரிதும் புலப்படாத நுண்மைகளை அப்போது தள்ளிவிடலாம். 1993ஆம் ஆண்டில் வந்த வீடியோ தகடு இம்முறையைக் கொண்டே 74 நிமிடப் படத்தைக் குறுந்தகட்டில் அடக்கியது. தமிழ்த் திரைப்படம் ஒன்றை இரண்டு மூன்று தகடுகளாக மாற்றி மாற்றி இட்டுப் பார்த்ததை உங்கள் பெற்றோர் மறந்திருக்க மாட்டார்கள். 1996ஆம் ஆண்டில் சப்பானில் வெளியான டிவிடி, குறுகிய அலையுடைய சிவப்பு ஒளியால் நெருக்கி எழுதி, ஏழு மடங்கு கொள்ளளவு பெற்றது. 2006ஆம் ஆண்டில் வந்த புளூ-ரே நீல ஊதா ஒளியால் இன்னும் நெருக்கி எழுதியது.

முன்பு ஒரு வினாவை நிறுத்தி வைத்தேன் அல்லவா? எதனை விடுவது என்ற முடிவு இப்போது யார் கையில் இருக்கிறது? கணக்கின் கையில். அக்கணக்கு மிகுந்த அறிவோடு அமைந்தது என்பதில் ஐயமில்லை. ஆயினும் ஒருமுறை விட்டது திரும்பி வாராது. எம்.பி.3 கோப்பை மீண்டும் இசைத் தகடாக எரித்தால் எண்கள் பெருகும். விட்ட ஒலி வராது. அத்தகட்டை மறுபடி எம்.பி.3 ஆக்கினால் மீண்டும் சிறிது இழப்போம். பாலைத் தண்ணீர் கலந்து பெருக்குவதுபோன்றது அது.

என் தகடு ஏன் ஊமையாயிற்று என்பதும் இப்போது விளங்குகிறது. எழுத்தைத் தாங்குவது சாயம். வெயிலும் வெப்பமும் ஈரமும் சாயத்துக்குப் பகை. கோடையில் ஓட்டுக்கூரையின் கீழே கொதிக்கும் பரணில் பதின்மூன்று ஆண்டுகள் நான் அதனை வைத்திருந்தேன். மேலும் குறுந்தகட்டின் உலோகப் படலம் இருப்பது, நாம் பேணிக் காக்கும் அடிப்புறத்தில் அன்று. பெயர் எழுதும் மேற்புறத்தில், மெல்லிய பூச்சு ஒன்றின் கீழேதான். அதன்மேல் நான் கூர்முனைப் பேனாவால் பாட்டியாரின் பெயரை அழுத்தி எழுதியிருந்தேன். அன்போடு செய்த செயலே அதற்குக் காயமாயிற்று போலும்.

இனி அந்தக் கரித்தாளை மீண்டும் காண்போம். ஸ்காட் 1879ஆம் ஆண்டில் மறைந்தார். அவருடைய தாள்கள் பாரிஸ் நகரத்து அறிஞர் கழகத்தில் உறங்கின. 1860ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆம் நாள் பதிந்த ஒரு தாளை, 2008ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வாளர்கள் நுண்ணிய படமாக எடுத்து, நெளிகோட்டைக் கணிப்பொறியால் ஒலியாக மாற்றினர். நூற்று நாற்பத்தெட்டு ஆண்டுகளுக்குப் பின் ஒரு பிரெஞ்சு நாட்டுப் பாடலின் சில நொடிகள் கேட்டன. பாடியது ஓர் இளம்பெண்ணின் குரல் என்று உலகம் வியந்தது. மறு ஆண்டில் ஒரு பிழை புலப்பட்டது. ஸ்காட் தம் குரலுக்கு அருகிலேயே ஓர் இசைக்கவையின் அதிர்வையும் வரைந்து வைத்திருந்தார். உருளையின் வேகத்தை அறிவதற்கு அது அளவுகோல். அவ்வதிர்வின் எண்ணிக்கையை ஆய்வாளர்கள் இருமடங்காகக் கொண்டுவிட்டனர். வேகத்தைப் பாதியாக்கியதும் இளம்பெண் மறைந்தார். நிதானமாகப் பாடும் ஓர் ஆடவரின் குரல் எழுந்தது. அது ஸ்காட்டின் குரலாகவே இருக்க வேண்டும் என்று கருதுகின்றனர்.

இதனைப் படித்தபோது, பாட்டியாரின் குரல் தகட்டில் கீச்சென்று ஒலித்தது என் நினைவுக்கு வந்தது. நற்பேறாக, 2005ஆம் ஆண்டில் என் தங்கை அத்தகட்டை வாங்கிச் சென்று தன் கணிப்பொறியில் எம்.பி.3 ஆகப் படியெடுத்து வைத்திருந்தாள். அதன் பின் கணிப்பொறியை மாற்றும்போதெல்லாம் அக்கோப்பையும் உடன் மாற்றி வந்தாள். பரணில் அசையாமல் இருந்தது அழிந்தது; கைமாறிக்கொண்டே இருந்தது பிழைத்தது. ஒலிப்பதிவுக் கலை பயின்ற ஓர் இளைஞரிடம் அதனைக் காட்டினேன். பாட்டுக்கு அடியில் ஒரு மெல்லிய ரீங்காரம் இருப்பதை அவர் எடுத்துக் காட்டினார். 1987ஆம் ஆண்டில் நான் இரவல் வாங்கிய கருவியில் பாய்ந்த மின்சாரத்தின் ஒலி அது. நம் நாட்டு மின்சாரம் நொடிக்கு ஏறத்தாழ 50 முறை அலைவது. கோப்பிலோ அது 53 என்று அளந்து காட்டியது. கடையில் நாடாவை ஓட்டிய கருவி விரைந்து ஓடியிருக்கிறது! ரீங்காரம் 50க்கு வருமளவு அவர் வேகத்தைத் தணித்தார். திண்ணையில் அமர்ந்திருந்த என் பாட்டியாரின் குரல், முப்பது ஆண்டுக்குப் பின் முதன்முறையாக, அவருடைய குரலாகவே கேட்டது. எம்.பி.3 ஆக்கும்போது விட்டுப்போனவை விட்டுப்போனவையே. அந்த நாடாவை நான் விட்டுவிட்டு வந்த கடை இப்போது இல்லை.

முதன்முதலில் எழுதும் தகட்டைச் செய்த நிறுவனமே 2015ஆம் ஆண்டில் அத்தொழிலைக் கைவிட்டது. இன்று வரும் கணிப்பொறிகள் பலவற்றில் தகட்டுக்கு வாயில் இல்லை. உங்கள் வீடுகளிலும் திருமண வீடியோக்களும், தாத்தாவின் பேச்சுகளும், கோயில் திருவிழாக்களும் எரித்த தகடுகளாய்ப் பெட்டிகளில் கிடக்கும். படிக்கும் கருவி கிடைக்கும்போதே அவற்றை எடுத்து மாற்றுங்கள். மாற்றும்போது சுருக்காத வடிவில் ஒரு படி வையுங்கள், கேட்பதற்கு எம்.பி.3 போதும், காப்பதற்குப் போதாது. ஒரே வீட்டில் வைக்காமல் இரு வீடுகளில் வையுங்கள். பாடியவர் யார், எந்த ஊர், எந்த ஆண்டு, எந்தக் கருவி என்பதை உடன் எழுதி வையுங்கள். ஸ்காட் தம் தாளில் இசைக்கவையை வரைந்தாரே, அதுபோல. படி நன்றாக இருக்கிறது என்று செவியால் கேட்டு உறுதி செய்த பின்னரும், மூலத்தை எறிந்துவிடாதீர்கள்.

அப்பதினொரு பாடல்களுள் மூன்றை என் பேத்தி இப்போது மனப்பாடமாகப் பாடுகிறாள். ஓரிடத்தில் இராகம் தவறுகிறாள். அவ்விடம் வரும்போதெல்லாம் கோப்பைத் திறந்து, பாட்டியார் எவ்வாறு பாடினார் என்று இருவரும் கேட்டுத் திருத்திக்கொள்கிறோம்.